முகவரி இடைவெளி

இன்னும் நானூற்று எட்டு மணி நேரம் இருந்தது.

கணக்குப் போட்டுச் சொன்னது முதல் கவுன்டரில் இருந்த பெண். ஊசியக்கா பதினேழு நாள் என்றுதான் எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். நாள் கணக்கில் சொன்னால் மனுதாரர்கள் பதறுகிறார்கள் என்று துறை ஆய்வு செய்து கண்டுபிடித்திருந்தது. பதினேழு என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிற ஆள், நானூற்றெட்டு என்றதும் நிமிர்ந்து உட்காருகிறாராம். ஆகவே சென்ற ஆண்டிலிருந்து எல்லாப் படிவங்களும் மணிக்கு மாறிவிட்டன. நிமிடத்துக்கு மாற்றுவது பற்றி ஒரு குழு ஆலோசித்து வருகிறது.

"நானூத்தி எட்டு. தாராளமா இருக்கும்மா" என்றாள் கவுன்டர் பெண், ஏதோ தன் கையிலிருந்து எடுத்துக் கொடுப்பவள்போல.

ஊசியக்கா நிமிர்ந்து உட்காரவில்லை. மனுதாரர்கள் உட்கார அங்கே நாற்காலி இல்லை.

அது குடியிருப்பு மாற்ற முன்னேற்பாட்டுத் துறை. ஏழு மாடிக் கட்டடம். வீடு போகப்போகிறவர்களுக்காக ஏற்பட்டது. வீடு போகாமல் தடுப்பது அதன் வேலை அல்ல. அதற்கு வேறொரு துறை இருந்தது. இடம் கிடைக்காமல் அதை மூடிவிட்டார்கள். போகிறவர்கள் ஒழுங்காகப் போகிறார்களா என்று பார்ப்பதே இதன் வேலை.

ஊசியக்கா கேட்டு வந்தது ஒரு அறை. வீடு இழந்தவர்களுக்குத் துறை தற்காலிக அறை தருகிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். கவுன்டர் பெண் பொறுமையாக விளக்கினாள். அறை, வீடு போனவர்களுக்குத்தான். ஊசியக்காவுக்கு இன்றைய தேதியில் வீடு இருக்கிறது. வீடு இருப்பவருக்கு அறை கொடுத்தால் தணிக்கையில் கேள்வி வரும். அப்படியானால் பதினேழு நாள் கழித்து வரட்டுமா என்று கேட்டாள் ஊசியக்கா. தாராளமாக வரலாம். ஆனால் மனுவில் முகவரி எழுத வேண்டும். முகவரி இல்லாத மனுவைக் கணினி வாங்காது.

"அப்ப எப்பத்தாங்க வர்றது?"

"இப்பவேதான். முகவரி இருக்கறப்பவே தயாராயிடணும். தயார்னு சான்றிதழ் வாங்கிட்டீங்கன்னா, முகவரி போன நிமிஷமே அறை உங்களுது. இந்த மாசம் ஒண்ணு காலியா இருக்கு. உங்க பேர்ல பென்சில்ல எழுதி வெக்கறேன்."

சான்றிதழுக்கு மூன்று படி. பயிற்சி வகுப்பு, பை நிறுத்தல், வீட்டில் ஒத்திகை. எல்லாம் முடிந்தபின் வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் 'அறிந்தோம்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஊசியக்கா அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்தாள். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர். அறிந்தவர் ஒருவர்.

வீடில்லாமல் போகிறவர்கள் நிறையப் பேர் வருவார்களா என்று ஏதோ கேட்க வாயெடுத்தாள். கவுன்டர் பெண் சட்டென்று கையை உயர்த்தித் தடுத்து, சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். 'கீழ்க்காணும் சொற்களை இவ்வளாகத்தில் பயன்படுத்தாதீர்' என்று எழுதியிருந்தது. கீழே ஒன்றும் காணவில்லை. எழுதினால் பயன்படுத்தியதாகிவிடும் என்று சட்டப் பிரிவு சொன்னதால் காலியாக விட்டிருந்தார்கள்.

"உங்களுக்கு வரப்போறது முகவரி இடைவெளி. அவ்வளவுதாம்மா. ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கே, அந்த மாதிரி" என்றாள் கவுன்டர் பெண்.

ஊசியக்கா நாக்கால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக ஊசி போட்டு ரத்தம் எடுப்பவள். குழந்தையிலிருந்து கிழவர்வரை எந்தக் கையிலும் நரம்பு கண்டுபிடித்துவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். நோட்டீஸை அந்தக் கூடத்தின் ரிப்போர்ட் உறையில் போட்டு எடுத்துவந்திருந்தாள். பஸ்ஸில் யாராவது பார்த்தால் சர்க்கரையோ தைராய்டோ என்று நினைத்துக்கொள்ளட்டும். நோய் என்றால் ஊர் பாவம் பார்க்கும். வீடு போகிறது என்றால், என்ன செய்தாய் என்று கேட்கும்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. கீழே பூட்டிய கிடங்கு, மேலே இவர்கள் குடியிருக்கும் இரண்டு அறையும் கூடமும் சமையலறையும். பதினோரு வருடம். வெளியூரில் இருக்கும் உரிமையாளர் விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துவிட்டுக் கார்கள் நிறுத்தப்போகிறார். மாதச் சம்பளக்காரி என்பதால் வாடகை ஒப்பந்தம் அவள் பெயரில் இருந்தது. நோட்டீஸும் அவள் பெயருக்கே வந்தது. தொண்ணூறு நாள் கெடு. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் சொல்லலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

வீட்டிலோ வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் கணவர் பெயிண்டர். ஊரில் பாதி வீடுகளின் சுவர்கள் அவர் கை பட்டவை. சொந்தச் சுவர் மட்டும் பதினோரு வருடமாகப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. அதற்கு விடிவு வந்ததுபோல, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பழைய பூச்சைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, ஒவ்வொரு சுவராக முடித்துவந்தார். வாடிக்கையாளர் வீடுகளில் டப்பாவின் அடியில் மிஞ்சியதை எல்லாம் கேட்டு வாங்கிவந்து சேர்த்துவைத்த பெயிண்ட்.

சொல்லியிருக்கலாம். ஆனால் பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு. சோதனை முடிவை முதலில் பார்க்கிறவள் வாயைத் திறக்கக்கூடாது. ரத்தம் கொடுத்தவர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி முகத்தையே பார்ப்பார், என்னம்மா இருக்கு என்று கேட்பார். "டாக்டர் சொல்வாங்க" என்பாள் ஊசியக்கா. மூன்று மாதம்தான் என்று சொல்கிற எண்கள் இருக்கும் காகிதத்தை உறையில் போட்டு ஒட்டியபடி அதே குரலில் சொல்வாள். பத்தொன்பது வருடத்தில் முகம் பட்டி பார்த்த சுவர் மாதிரி சமனாகிவிட்டது. நோட்டீஸைப் படித்ததும் அவள் செய்தது அதைத்தான். மடித்தாள், உறையில் போட்டாள், ஒட்டினாள்.

சொல்ல வேண்டிய டாக்டர் வீட்டில் யாரும் இல்லை என்பது உறைக்க ஐந்து வாரம் ஆனது. ஆட்சேபக் கெடு அதற்குள் போய்விட்டது. வீட்டுக் கூடத்தில் மூன்று சுவர் முடிந்திருந்தது.

பயிற்சி வகுப்பு புதன்கிழமை, நான்காவது மாடியில். அவள் உள்ளே நுழைந்ததும் பின்வரிசையில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்தினார். கைகளைப் பார்த்தே ஊசியக்காவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. இடது முழங்கையில் நரம்பு சற்று உள்வாங்கியிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வருகிற கணக்கு வாத்தியார். வேறு இருக்கை இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

வாத்தியார் செய்தித்தாளை மெல்ல இறக்கி, சொந்தக்காரர் ஒருவருக்காக வந்திருப்பதாகச் சொன்னார். அவருக்கு உடம்பு முடியவில்லையாம். தானும் ஒரு சொந்தக்காரருக்காகத்தான் வந்தேன் என்றாள் ஊசியக்கா. இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

வகுப்பைத் தொடங்கிவைக்க இயக்குநரே வந்தார். முன்வரிசையில் இருந்த ஊழியர்கள் எழுந்து நின்றார்கள்.

"நண்பர்களே, இந்தத் துறை தொடங்கிய ஆண்டில் ஆயிரத்து இருநூறு குடும்பங்கள் முகவரி இடைவெளிக்குள் சென்றன. ஒருவர்கூடத் தயாராக இல்லை. அழுதார்கள். சாமான்களைத் தெருவில் போட்டார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல். இந்த ஆண்டு ஒன்பதாயிரம் குடும்பங்கள் சென்றிருக்கின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் தயாராகச் சென்றார்கள். ஒரு வண்டிகூட நிற்கவில்லை. இதைவிட வேறென்ன வளர்ச்சி வேண்டும்? சிலர் கேட்கிறார்கள், இந்தச் செலவுக்கு வீடு கட்டியிருக்கலாமே என்று. கட்டினோம், நண்பர்களே. நீங்கள் உட்கார்ந்திருப்பது எதில்? நூற்றுப் பதினெட்டு அறைகள். எல்லாம் உங்களுக்காகக் கட்டியவை. ஆனால் உங்களைத் தயார்படுத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆட்களுக்கு அறை தேவைப்பட்டது. நூற்றுப் பதினான்கை நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மீதி நான்கு இன்றும் உங்களுடையவைதான். என் உயிர் உள்ளவரை அந்த நான்கை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

குரல் தழுதழுத்தது. கைதட்டல் எழுந்தது. நான்கில் மூன்றில் பழைய படிவங்களை அடுக்கியிருப்பதாகக் கவுன்டர் பெண் பிறகு ஊசியக்காவிடம் சொன்னாள். காலி என்று பென்சிலில் எழுதியது அந்த நான்காவது.

பயிற்சியாளர் சுறுசுறுப்பான இளைஞர். துறையே அவருக்கு மூன்றாவது மாடியில் குடியிருப்பு கொடுத்திருந்தது. வீடு என்பது நான்கு சுவர் அல்ல, ஒரு மனநிலை என்று ஆரம்பித்தார். பிறகு காத்திருப்பு அறை நாற்காலியில் கழுத்துப் பிடிக்காமல் தூங்குவது எப்படி என்று செய்து காட்டினார். பொதுக் கழிப்பறையில் பல் துலக்கும்போது கையில் ஒரு பயணச்சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்கள் பயணி என்று நினைப்பார்கள். குளிக்காத நாட்களில் கூட்டத்துக்குக் காற்று வீசும் திசையில் நிற்கக்கூடாது. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். ஊசியக்காவும் எழுதினாள். எழுதும்போது கை நோட்டை மறைத்துக்கொண்டது.

கடைசிப் பாடம், தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது என்பது. இரண்டிரண்டு பேராகப் பழகிப் பார்க்கச் சொன்னார். இரண்டாம் வரிசைப் பெண்மணி பதில் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டாள், பத்துக்கு இரண்டு மதிப்பெண். வாத்தியார் திரும்பி ஊசியக்காவைக் கேட்டார்.

"எங்கம்மா இருக்கீங்க இப்போ?"

"பக்கத்துலதாங்க. நீங்க சௌக்கியமா?"

குரல் இறங்கவில்லை, கண் அலையவில்லை. பயிற்சியாளர் ஓடிவந்தார். அவளை எழுந்து நிற்கச் சொல்லி வகுப்பின் பக்கம் திருப்பினார்.

"இந்த முகத்தைப் பாருங்க. நல்லாப் பாருங்க. இதுல ஏதாவது தெரியுதா? ஒண்ணும் தெரியல. கூட இருக்கற புருஷனுக்குக்கூடத் தெரியாது. இதைத்தான் நான் மூணு வருஷமா சொல்லிக்கொடுக்கப் பாக்கறேன்."

வகுப்பு கைதட்டியது. பத்துக்குப் பத்து. ஊசியக்காவுக்குக் காது மடல் வரை எரிந்தது. முகத்தில் அதுவும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் மகளின் அறையை முடித்தார். பதின்மூன்று வயது மகள் காலையிலிருந்து அந்தச் சுவரைத் தொடாமல் முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை மட்டும்தான் பாக்கி. நிற அட்டைகளை விசிறிபோல் விரித்துப் பிடித்து, எது வேண்டும் என்று ஊசியக்காவைக் கேட்டார்.

"எதுக்குங்க இவ்வளவு? வாடகை வீடுதானே."

"வீடுதான் வாடகை. நாம என்ன வாடகை மனுஷங்களா?" ஏணியில் உட்கார்ந்து ரோலரைத் துடைத்த துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் அடிச்சாச்சு. ஒருநாளாவது என் கையால அடிச்ச சுவத்தைப் பாத்துக்கிட்டே கண்ணு முழிக்கணும். அப்புறம், உன்னைக் கேட்டுட்டுத்தானே ஆரம்பிச்சேன்."

அவள் இளமஞ்சள் என்று ஒரு அட்டையைத் தொட்டாள். விரலை எடுத்த பிறகும் அட்டையில் ஈரம் இருந்தது.

பைகளைக் கட்டுவதற்கு அந்தப் பெயிண்ட் வேலையே துணையாக நின்றது. துணிமணியில் தூசி விழாமல் கட்டிவைக்கிறேன் என்றாள். நல்ல யோசனை என்றார் அவர். ஒரு பொய்க்கு இன்னொன்று முட்டுக் கொடுத்தது.

மறுநாள் பை நிறுத்தல், இரண்டாம் மாடி. வீட்டில் யாருக்கும் தெரியாமல் மூன்று பைகளையும் ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள். தலைக்கு ஏழு கிலோ. அதற்குள் 'உணர்வுப் பொருள்' முந்நூறு கிராம் வரை கொண்டுபோகலாம். புகைப்படம் உணர்வுப் பொருள். கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தால் புகைப்படம் உணர்வுப் பொருள், சட்டம் மரச்சாமான். ஒரு தம்பதி தங்கள் கல்யாணப் படத்தை அங்கேயே சட்டத்திலிருந்து உருவிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு முன்னால் வாத்தியார். அவருடைய பையில் பித்தளையில் வார்த்த கதவு எண் பலகை ஒன்று இருந்தது. இருபத்தேழு. நானூற்றுப் பத்து கிராம். நிறுப்பவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகவரி சம்பந்தப்பட்டது என்பதால் ஆவணமாகுமோ என்று சந்தேகம் வந்தது. ஆவணத்துக்கு எடை இல்லை. மேலே கேட்டுவர ஆள் போனது. முக்கால் மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது: வீடு நிற்கும்வரை அது ஆவணம், இடித்தபின் உலோகம். வீடு என்றைக்கு இடிகிறது என்று கேட்டார் நிறுப்பவர். நாளைக் காலை என்றார் வாத்தியார். அப்படியானால் இன்று மாலைவரை வைத்துக்கொள்ளலாம் என்றார் நிறுப்பவர், பெரிய மனதோடு.

"சொந்தக்காரர் ரொம்ப வருத்தப்படுவார்" என்றார் வாத்தியார். பலகையை வேட்டி நுனியால் ஒருமுறை துடைத்து மேசையில் வைத்தார்.

பிறகு படியிறங்கும்போது, முன்னால் பார்த்தபடியே, அவளுடைய சொந்தக்காரர் வீட்டில் எல்லாருக்கும் சொல்லியாயிற்றா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றாள். அந்த வீட்டில் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அந்த நேரம் பார்த்து நோட்டீஸ் வந்தது, நடுவில் எப்படிச் சொல்வது என்றாள்.

"நடுவுல வந்தா கஷ்டந்தான்" என்றார் வாத்தியார். "பாதிக் கணக்குல பெல் அடிச்ச மாதிரி."

ஊசியக்கா குனிந்து, இறுகியிருந்த பை முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைதான் நடத்துவார்கள், எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால். இன்னும் தொண்ணூற்றாறு மணி நேரம் இருந்தபோது, காலை பத்து மணிக்கு, சோதனை அதிகாரி படியேறி வந்தார். ஒல்லியான, நாகரிகமான மனிதர். செருப்பைக் கழற்றி, புது பெயிண்டில் படாதபடி தள்ளி வைத்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்து, நல்ல ஃபினிஷிங் என்று மனதாரச் சொன்னார். பெயிண்டர் உச்சி குளிர்ந்துபோய், ஈரம் பார்த்துத் தொடும்படி சொன்னார். அதிகாரி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு ஊசியக்காவை மட்டும் வாசலுக்கு அழைத்து விதிகளைச் சொன்னார். வேகத்துக்கு முப்பது, நிதானத்துக்கு முப்பது, சத்தமின்மைக்கு இருபது, முகபாவத்துக்கு இருபது. தேறினால் புதன்கிழமையே சாவி கையில். ஒத்திகையின்போது பலகைச் சொற்கள் எதையும் குடும்பத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்தால் ஒத்திகை ரத்து, மறு தேதிக்கு ஐந்நூறு மணி நேரம் ஆகும். பென்சிலில் எழுதிய பெயரை அழித்துவிடுவார்கள். ஏற்கனவே கேட்டு ஆள் நிற்கிறது.

உள்ளே வந்து, கையில் ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு, பதினோரு நிமிடத்துக்குள் எல்லாரும் அவரவர் பையோடு தெருவில் நிற்க வேண்டும் என்று அறிவித்தார்.

"ஓ, தீ விபத்து ஒத்திகையா" என்றார் பெயிண்டர்.

காரணம் எதையும் தான் சொல்வதற்கில்லை என்றார் அதிகாரி. பெயிண்டர் புரிந்தவராகத் தலையாட்டினார். பெரிய ஆபீஸ்களில் வேலை பார்த்தபோது இதெல்லாம் பார்த்திருக்கிறார். முன்னாடியே சொல்லிவிட்டால் ஒத்திகைக்கு என்ன அர்த்தம். மகளைப் பார்த்து, ஓடக்கூடாது, தள்ளக்கூடாது, லைட்டை அணைச்சிட்டு வா என்றார். அவர் குரலில் இருந்த உற்சாகத்தை ஊசியக்காவால் தாங்க முடியவில்லை.

மகள் பாதி தின்ற ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு பையைத் தூக்கினாள். பெயிண்டர் பையோடு ஏணியையும் தோளில் போட்டுக்கொண்டார். பை எல்லாம் தயாராகக் கட்டியிருக்கே, என் பொண்டாட்டி எப்பவும் ஒரு படி முன்னாடி என்று அதிகாரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இறங்கினார். எட்டு நிமிடம் நாற்பது விநாடி. தன் பதினான்கு வருட அனுபவத்தில் இப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்ததில்லை என்றார் அதிகாரி. வேகம் முப்பதுக்கு முப்பது.

தெருவில் நின்றார்கள். அதிகாரி நிதானத்துக்கு மதிப்பெண் போடுவதற்காக அவர்கள் அசையாமல் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகியது. பால் வாங்கிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பிட்டீங்களா என்று கேட்டார். பெயிண்டர் உதட்டில் விரல் வைத்துச் சிரித்தார். மகள் ரொட்டியை மென்றாள். மூன்று பைகளுக்கு நடுவே ஊசியக்கா தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமையும் இதே இடம், இதே பைகள். அன்றைக்கு இவர் சிரிக்கமாட்டார் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முகபாவத்துக்கு இருபதுக்கு இருபது. மொத்தம் தொண்ணூற்றெட்டு. மகளின் மெல்லும் சத்தத்துக்கு இரண்டு குறைந்திருந்தது. அதிகாரி படிவத்தை அட்டையில் வைத்து நீட்டினார். 'அறிந்தோம்' என்ற இடத்தில் ஊசியக்கா போட்டாள். பேனா பெயிண்டரிடம் போனது.

"என்னத்தை அறிஞ்சோம்?" என்றார் அவர், ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு.

"தெரிவிக்கிறது எங்க வேலை இல்லைங்க. தெரிஞ்சிருக்குன்னு எழுதி வாங்கறது மட்டும்தான்" என்றார் அதிகாரி.

இந்தக் குரலைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று ஊசியக்காவுக்குத் தோன்றியது. கோபம் இல்லை, இரக்கம் இல்லை, குற்றமும் இல்லாத குரல். காலை ஏழு மணியிலிருந்து பரிசோதனைக் கூடத்தில் வரிசையில் உட்காரும் ஒவ்வொருவரும் அவள் வாயிலிருந்து கேட்கிற குரல்.

பெயிண்டர் அவளைப் பார்த்தார். அவள் துறையின் சொல்லிலேயே சொல்லிப் பார்த்தாள். நமக்கு ஒரு முகவரி இடைவெளி வருதுங்க, அதைத்தான் போட்டிருக்கு என்றாள். அதிகாரி ஆமோதித்துத் தலையசைத்தார், சரியான பிரயோகம்.

"அப்படின்னா?"

"தற்காலிகமா ஒரு குடியிருப்பு மாற்ற முன்னேற்பாடு."

பெயிண்டர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும் விளங்கல. எனக்கு விளங்கலன்னா என்ன, உனக்கு விளங்கியிருக்குமே. எங்க சார் போடணும்?"

கட்டைவிரலில் இளமஞ்சள் ஒட்டியிருந்தது. படிவத்தில் கறை படக்கூடாது என்று அதைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார். ஒருமுறை பார்த்தார், போதவில்லை, மறுபடி துடைத்தார். அட்டையை மகளின் முதுகில் வைத்துக் குனிந்தார். சீக்கிரம் முடிச்சுட்டா சமையலறைக்கு ரெண்டாவது கோட்டு இன்னைக்கே அடிச்சிடலாம் என்று மகளிடம் சொன்னார். பேனா முனை காகிதத்தைத் தொட்டது.

"போடாதீங்க" என்றாள் ஊசியக்கா.

அவர் நிமிர்ந்தார்.

"நமக்கு வீடு இல்லைங்க."

"அம்மா, ஒத்திகை இன்னும் முடியல" என்றார் அதிகாரி மெதுவாக. "கையெழுத்துக்கு அப்புறம் பேசிக்கலாமே. ரத்தாயிடும்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. வித்துட்டாங்க, வியாழக்கிழமை பத்து மணிக்குக் காலி பண்ணணும், இடிக்கப்போறாங்க என்றாள். அடுத்தடுத்து வந்தன வார்த்தைகள், பலகையில் எழுதாமல் விட்டவை எல்லாம். அதிகாரி ஸ்டாப் வாட்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படிவத்தை மகளின் முதுகிலிருந்து எடுத்துக்கொண்டார். மகள் மெல்வதை நிறுத்திவிட்டாள்.

பெயிண்டர் மாடி ஜன்னலைப் பார்த்தார். திறந்திருந்த அதன் கதவு வழியாகச் சமையலறைச் சுவரின் ஒரு கீற்று தெரிந்தது. பேனா இன்னும் கையில் இருந்தது. சத்தம் எழாமல் கேட்டார்.

"நோட்டீஸ் எப்ப வந்துச்சு?"

நடுவில் என்று சொல்லிவிடலாம். வாத்தியார் நம்பினார். இவரும் நம்புவார், இவர் எதைத்தான் நம்பவில்லை. அந்தச் சொல் வாய்க்குள் தயாராக, ஒட்டிய உறைபோல இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். தன் முகம் ஆடுவது அவளுக்கே தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை வந்துச்சு. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, கையில சுரண்டி வெச்சுக்கிட்டு, ஆரம்பிக்கட்டுமான்னு வந்து கேட்டீங்க. அப்ப அது என் கையிலதான் இருந்துச்சு. நான்தாங்க ஆரம்பிங்கன்னு சொன்னேன்."